கட்டியம் காணும், ராசா எங்கை?

இஞ்சை வா பிள்ளை, உந்தக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இரு. போனைக் குப்புற வைக்காதை. குப்புற வைச்சால் அதுக்குள்ள என்ன வந்து கிடக்கோ எண்டு உனக்குக் கை அரிக்கும். நேராவே வை, மின்னட்டும். குருநகர்க் கரையில பிறந்தவள் மின்னலுக்குப் பயப்பிடுறதே?

நேற்று உன்ர வீடியோவைப் பார்த்தன். ஆடினது நான் எண்டபடியால் என்ர வீடியோ எண்டும் சொல்லலாம். போன கிழமை ஜெட்டியடியில வைச்சு, "அம்மப்பா, அந்தக் கட்டியகாரன் வரவை ஒருக்கா ஆடிக் காட்டுங்கோவன்" எண்டு கேட்டாய். முழங்கால் ரெண்டும் வேண்டாமெண்டு கும்பிட்டுதுகள். பேத்தி கேக்கேக்குள்ள முழங்காலின்ர பேச்சை ஆர் கேக்கிறது? சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு இறங்கினன். மூச்சு வாங்க வாங்கப் பாடியும் முடிச்சன். பின்னுக்கு ரெண்டு வள்ளம் ஆடுது. வலை பொத்திக்கொண்டிருந்த பொடியள் ஊசியை வைச்சுப்போட்டுக் கை தட்டுறாங்கள். இந்த வயசில வேற என்ன வேணும்?

பிறகு நீ போட்டதைப் பார்த்தால் 28 செக்கன். நான் குதிச்ச மூண்டு குதியும் கிடக்கு, ஆனால் வண்டு பறக்கிற வேகத்தில. என்ர வாய் அசையுது, சத்தம் என்ரை இல்லை. ஏதோ படப்பாட்டு, டிங்கு டிங்கெண்டு. கீழ ஆரோ எழுதியிருக்கினம், "தாத்தா வேற லெவல்" எண்டு. எனக்குத் தெரிஞ்ச லெவல் ஒண்டுதான், ஆசுப்பத்திரியில சொல்லுற சீனி லெவல். அதுவும் கூடிப்போச்செண்டுதான் சொல்லுவினம்.

"என்ர குரல் எங்கை பிள்ளை?" எண்டு கேட்டன்.

"மியூட் பண்ணிப்போட்டன் அம்மப்பா" எண்டாய்.

கெட்டிக்காரி. உன்ர அம்மம்மா 50 வருசமா முயற்சி செய்து ஏலாமல் போன காரியத்தை ஒரு விரலால முடிச்சுப்போட்டாய்.

கோவமில்லை. கோவமெண்டால் உன்னைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவனோ? அந்த 28 செக்கனைப் பார்த்த பிறகுதான் உங்கட ஆட்டக்காரற்றை போன் விளையாட்டு எனக்கு எப்பன் விளங்கினது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டன்.

கூத்தில கட்டியகாரன் ஆர்? எல்லாருக்கும் முதல் களரிக்கு வாறவன். "ராசா வாறார், பராக்" எண்டு சொல்லிச் சனத்தை நிமிர்த்தி இருத்துறவன். ராசாவுக்கு முடி கட்டி முடியேல்லையெண்டால் இன்னுமொரு சுத்துச் சுத்திச் சமாளிக்கிறவனும் அவன்தான். எனக்கு ராசா வேசம் கிடைக்கேல்லை, உயரம் காணாதெண்டு அண்ணாவியார் சொல்லிப்போட்டார். அதால கட்டியகாரன்ர தொழில் எனக்குத் தலைகீழாத் தெரியும். கட்டியம் அஞ்சு நிமிசம். அதுக்குப் பிறகு ராசா வந்து விடியுமட்டும் ஆடுவார்.

இப்ப உங்கட அரங்கேற்றத்தைப் பார். கனடாவில, ஸ்காபரோவில எங்கட சொந்தக்காரப் பெட்டை ஒண்டுக்குப் போன வருசம் நடந்தது. முதல்ல "இன்னும் 30 நாள்" எண்டொரு படம். பிறகு பெட்டை ஒரு வாவிக் கரையில நிக்க, மேலயிருந்து ட்ரோன் சுத்துது. பிறகு சலங்கை மட்டும் தனிய, மெல்ல மெல்லக் கிலுங்குது. பிறகு தலைச்சாமான் வைக்கிற வீடியோ, மருதாணி காயிற வீடியோ, அழைப்பிதழ் பிரிக்கிற வீடியோ. ஆறு கட்டியகாரர் வந்து போட்டினம் பிள்ளை! நானும் கதிரை நுனியில இருந்தன், ராசா வருவாரெண்டு. கடைசியா வந்தது, கேக் வெட்டுற படம். "வர்ணம் எப்பிடிப் போச்சு?" எண்டு போன் எடுத்துக் கேட்டன். "ஹோல் நல்ல வடிவு மாமா" எண்டு மறுமொழி.

பெட்டை பாவம், எட்டு வருசம் பழகினதாம். அது ரெண்டரை மணித்தியாலம் ஆடினதைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரேல்லை.

நீ சிரிக்கிறாய். உன்ர போனுக்குள்ள என்ன கிடக்கெண்டு எனக்கும் தெரியும். போன மாசம் சலங்கையோட 12 வீடியோ போட்டனி. அதில ஒண்டிலயாவது உன்ர கால் தெரியுதோ? போன் ஒடுக்கமான சாமான், நிமிர்ந்து நிக்கும். பரதம் அகலமான ஆட்டம். நாட்டியாரம்பத்துக்குக் கையை நீட்டினால் ரெண்டு கையும் சட்டத்துக்கு வெளியில போகுது. அதால போனைக் கிட்டக் கொண்டு வந்து இடுப்போட வெட்டுறாய். இடுப்புக்குக் கீழ ஒருத்தரும் பாக்கேல்லை எண்டவுடன என்ன நடக்கும்? அரைமண்டி கால்மண்டியாப் போகும். நீ இருக்கேல்லை பிள்ளை, நிக்கிறாய். ரீச்சர் சொல்ல முதல் கிழவன் சொல்லுறன். வட இலங்கைச் சங்கீத சபைச் சோதினைக்குப் போகேக்குள்ள, எத்தினை பேர் உன்னைத் தொடருகினம் எண்டு கேக்க மாட்டினம். அரைமண்டியில இருந்து தட்டடவு போடச் சொல்லுவினம். மூண்டாம் காலத்தில முழங்கால் உண்மையைச் சொல்லிப்போடும்.

போனைத் தூக்கி எறி எண்டு சொல்ல வாறன் எண்டு நினைச்சியே? விசரே எனக்கு! உதைப்போல ஒண்டு அண்டைக்கு எங்களட்டை இருந்திருந்தால் நாங்கள் பட்ட பாட்டில பாதி பட்டிருக்க மாட்டம்.

சொல்லுறன் கேள். 1990இல் யாழ்ப்பாணத்துக்குக் கறண்ட் போச்சு. பற்றரியும் வராது, மண்ணெண்ணெய் பவுணை விட விலை. ஜாம் போத்தலுக்குள்ள திரி போட்டு எரிச்ச காலம். உன்ர கொம்மாவுக்கு அப்ப 12 வயசு, டான்ஸ் பழகினவ. ரீச்சரிட்டை இருந்தது ஒரேயொரு கசெற். அதைப் போட என்ன வழி? சைக்கிளை ஸ்ராண்டில விட்டு, டைனமோவில இருந்து வயர் இழுத்து ரேடியோக் கசெற்றில பூட்டிறது. ஒரு பொடியன் ஏறி இருந்து மிதிப்பான். அவன் மிதிச்சால் மிருதங்கம் கேக்கும். களைச்சால் மிருதங்கமும் களைக்கும். பாடுறவவின்ர குரல் மெல்ல மெல்ல இறங்கி ஆம்பிளைக் குரலாப் போகும். பிள்ளையள் ஒத்தைக் காலைத் தூக்கினபடி அந்தரத்தில நிக்குங்கள், தாளம் வருமட்டும். ரீச்சர் உள்ளுக்கிருந்து, "மிதியடா, மிதியடா!" எண்டு கத்துவா. உடன அவன் பயத்தில விழுந்து மிதிப்பான். பாட்டு நாலாம் காலத்துக்கு ஓடும். பிள்ளையள் பின்னால ஓடுங்கள்.

அந்தப் பொடியன்தான் உன்ர கொப்பர். தில்லானாவைக் குழப்பினதெண்டு கொம்மா இண்டைக்கும் அவரைப் பேசுறா.

ஆனால் ஒண்டு சொல்ல வேணும். அவன் களைச்சு மெதுவா மிதிச்ச நேரத்திலதான் கொம்மாவுக்கு ஒரு கஷ்டமான கோர்வை விளங்கினதாம். எந்த இடத்தில கால் மாறுதெண்டு அப்பதான் கேட்டதாம். இண்டைக்கு நீ யூரியூப்பில வேகத்தைப் பாதியாக் குறைச்சுப் பாக்கிறாய். குரலும் இறங்காது, ஒருத்தரும் மிதிக்கவும் தேவையில்லை. கொம்மாவுக்குக் கிடைக்காத குடுப்பினை. அதை வைச்சு நீ என்ன செய்யிறாய்? கிழவன்ர குதியை வேகமாக்கிறாய். மெதுவாக்கத் தந்த சாமான் பிள்ளை அது!

அதே காலத்தில, 1992இல், சென்னையில அனிதா ரத்னம் எண்ட ஆட்டக்காரி ஒரு புத்தகம் போட்டவ. "நர்த்தகி" எண்டு பேர். எந்த ஊரில ஆர் ஆடுகினம், ஆர் படிப்பிக்கினம், விலாசம் என்ன எண்டு ஒரு இடத்தில சேர்த்து வைச்ச புத்தகம். 2000இல் அதை இணையத்தில ஏத்தினவ. பேஸ்புக் பிறக்க நாலு வருசம் முந்தி. தன்ர படத்தை மட்டும் போடேல்லை, எல்லாற்றை வாசலையும் காட்டிவிட்டவ. அதுதான் எனக்குப் பிடிச்சது. உங்கட ஆட்டக் குழுவில இருக்கிற 40 பேரும் ஒருத்தற்றை வாசலை ஒருத்தர் காட்டிறியளோ, அல்லது ஒருத்தற்றை வாசலை ஒருத்தர் அடைக்கிறியளோ? எனக்கேன் வம்பு. இன்னும் ஒரு தேத்தண்ணி குடி.

கொரோனாவுக்குள்ள உன்ர ரீச்சருக்கு ஸ்காபரோப் பிள்ளையள் கிடைச்சதுகள். எங்களுக்குப் பின்னேரம் ஏழரை, அங்கை வெயில் காலத்தில காலமை பத்து. வேதக்காரனுக்கு ஏழரைச் சனி இல்லையெண்டு சொன்னவன் ஆர்? கிழமைக்கு ரெண்டுதரம் ஏழரை மணிக்கு ரீச்சர் வீட்டில சனி இருந்தது. ரீச்சர் தட்டுக்கழியால "தை" எண்டு தட்டுறா. அது கடல் தாண்டிப் போய்ச் சேர ஒரு நேரம், பிள்ளை மிதிச்சு அந்தக் காட்சி திரும்பி வர இன்னொரு நேரம். ரீச்சருக்கு எல்லாப் பிள்ளையும் பிந்தித்தான் மிதிக்கும். நல்லா மிதிச்ச பிள்ளைக்கும் ஏச்சு. அதோட சூமுக்கு ஒரு குணம். தட்டுக்கழிச் சத்தத்தை, ஆரோ கதவு தட்டுற இரைச்சல் எண்டு நினைச்சுத் துடைச்சுப்போடும். மனிசி மாஞ்சு மாஞ்சு தட்டுறா, அங்கை பிள்ளையளுக்கு ஊமைப்படம். இசைக்காரருக்கெண்டு சத்தத்தைத் துடைக்காமல் விடுற பொத்தான் ஒண்டு அதுக்குள்ளயே கிடந்ததைக் கண்டுபிடிச்சது நீ. அது நல்ல வேலை, அதுக்கு நான் கை தட்டுவன்.

இன்னொண்டு, முன்பக்கக் கமெரா. அது கண்ணாடி மாதிரி வலதை இடதாக் காட்டும். ஒரு பிள்ளை ஆறு மாசம் இடக்காலில தொடங்கிப் பழகிச்சுது. நேரில வந்து ரீச்சருக்கு முன்னால ஆடேக்குள்ளதான் தெரிஞ்சது. கனடாக் கால் எண்டு நாங்கள் பகிடி பண்ணினம்.

பிறகு ரீச்சர் கெட்டித்தனமா ஒரு வழி பிடிச்சா. தாளத்தைப் பதிஞ்சு முதலே அனுப்பிறது. பிள்ளை அதைத் தன்ர வீட்டில போட்டு ஆடி, தலை தொடக்கம் பெருவிரல் மட்டும் தெரியிற மாதிரிப் படம் எடுத்து வட்ஸ்அப்பில அனுப்பும். ரீச்சர் அதை நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்து, எத்தினையாம் செக்கனில முழங்கை விழுகுது எண்டு குரலில சொல்லி அனுப்புவா. அந்த வீடியோ ரெண்டு பேருக்கு மட்டும். அதுக்கு லைக்கும் இல்லை, கொமென்ற்றும் இல்லை. அந்தப் பிள்ளையள் ஆடுறதைப் போய்ப் பார், உங்களை விட நல்லா இருக்குதுகள். நீயும் அதைச் செய். போனை இந்தக் கதிரையில சாத்தி வைச்சு, ஒருநாள் முன்னால, ஒருநாள் பக்கத்தால எடு. பக்கத்தால எடுத்துப் பார்த்தால்தான் பின்பக்கம் எவ்வளவு தள்ளிக்கொண்டு நிக்குதெண்டு தெரியும். பார்த்துப்போட்டு அழிச்சுவிடு. கண்ணாடியில தெரியிற முகத்துக்கு ஆரும் சட்டம் போட்டுச் சுவரில மாட்டுறதில்லை.

அங்கை பார், உங்கை பரவைக்கடலுக்குள்ள கம்பு கம்பா நிக்குதே, களங்கண்ணி. என்னெண்டு பிடிக்கிறது தெரியுமோ? நீயும் இந்தக் கரையில பிறந்தனி, ஆனால் போனைப் பார்த்து வளர்ந்தனி. சொல்லுறன். மீனுக்கு இரை வைக்கிறதில்லை. தூண்டில் இல்லை. ஆரும் துரத்துறதும் இல்லை. நீட்டுக்குக் கம்பு நட்டு வலையைக் கட்டி வைக்கிறது, ஒரு வேலி மாதிரி. நீரோட போற மீனுக்கு வேலி முட்டுப்படும். சரி, கரையாலயே போவமெண்டு வேலியைப் பிடிச்சுக்கொண்டு போகும். தான் விரும்பின பக்கம்தான் போறன் எண்டுதான் அது நினைக்கும். வேலி கொண்டுபோய் ஒரு வாசலில விடும். வாசல் பெரிசு. உள்ளுக்குப் போனால் நல்ல தண்ணி, தன்னைப்போல கனக்க மீன். சுத்தும். வட்டமாச் சுத்தும். வந்த வாசல் பக்கத்திலதான் கிடக்கு, ஆனால் சுத்துற மீனுக்கு வாசல் தெரியாது. காலமை சம்மாட்டி வந்து அள்ளுவான்.

இரவு 11 மணிக்கு ஒரு அலாரிப்பு பாக்கிறன் எண்டு போனை எடுத்தனி. அலாரிப்பு முடியக் கீழயிருந்து இன்னொண்டு வந்தது. அது படப்பாட்டுக்கு ஆரோ ஆடினது. பிறகு பூனை. பிறகு கலியாண வீட்டு ஆட்டம். ரெண்டு மணிக்கு உன்ர அறையில வெளிச்சம். எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்காதை. நானும் முழிப்பு. ஜப்பானில ஒருத்தன் பெரிய சூரை மீன் வெட்டுறான், பார்த்துக்கொண்டிருந்தன். 60 வருசம் மீனோட கிடந்தவன், இன்னொருத்தன் மீன் வெட்டுறதை ரெண்டு மணி மட்டும் பாக்கிறன். எங்கட வீட்டில ரெண்டு மீன் உள்ளுக்கு நிக்குது பிள்ளை. நீ வலை வீசுறன் எண்டு நினைக்கிறாய். வலையின்ர சொந்தக்காரன் அமெரிக்காவில இருக்கிறான்.

அவன்ர காணியில நீ வீடு கட்டியிருக்கிறாய், அதையும் நினைச்சுக்கொள். 2020 ஆனி 29, இந்தியாவில ஒரே இரவில ரிக்ரொக்கை நிப்பாட்டினாங்கள். அதில ஆடிப் பேர் எடுத்ததுகள் காலமை எழும்பினால் கடை இல்லை. இஞ்சை 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாத்தையும் ஒரு கிழமைக்கு மேல பூட்டி வைச்சது நினைவிருக்கோ? ஒத்திகை இல்லையெண்டு சொல்ல உன்ர ரீச்சர் சைக்கிளில வீடு வீடா வந்தவ. அண்டைக்குப் பிறகு பிள்ளையளின்ர தொலைபேசி நம்பர் எல்லாம் ஒரு கொப்பியில எழுதி வைச்சிருக்கிறா. உன்னட்டை அப்பிடிக் கொப்பி இருக்கோ? இல்லை. என்ர நம்பரே உனக்குப் பாடமில்லை.

இன்னொரு கதையும் கேள், இது நீதான் எனக்குக் காட்டினது. அமெரிக்காவில அற்லாண்டாப் பக்கம் ஜலையா ஹார்மன் எண்டொரு 14 வயசுப் பெட்டை. 2019இல் "ரெனகேட்" எண்டொரு ஆட்டத்தைத் தானே கட்டிப் போட்டது. அது ரிக்ரொக்குக்குப் போச்சு. உலகம் முழுக்க ஆடினது, பேர் எடுத்தது வேற ஆக்கள். கடைசியில 2020இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை தேடிப்போய் எழுதின பிறகுதான் கட்டினவள் ஆரெண்டு சனத்துக்குத் தெரிஞ்சது. அண்ணாவியார் பேர் சொல்லாமல் களரி ஏறினால் எங்கட காலத்தில மத்தளக்காரன் அடிக்க மாட்டான். நீ போட்ட 12 வீடியோவில உன்ர ரீச்சற்றை பேர் எத்தினையில இருக்கு? ஒப்பனைக்காரியின்ர பேர் எல்லாத்திலயும் இருக்கு, நான் பார்த்தன்.

இந்தப் பேர் விசயம் சின்ன விசயமில்லை. தமிழ்நாட்டில தலைமுறை தலைமுறையா ஆடின குடும்பங்கள் இருந்தது. தேவதாசி முறையை ஒழிக்கச் சென்னை மாகாணத்தில 1947இல் சட்டம் வந்தது. ஆட்டம் சபாவுக்குப் போச்சு, ஆடின குடும்பங்கள் வெளியில நிண்டது. இப்ப அந்த இசை வேளாளர் மரபில வந்த நிருத்தியா பிள்ளை எண்டவ, பேஸ்புக்கிலயும் மேடையிலயும் அதை நேருக்கு நேர கேக்கிறா. எங்கட ஆட்டத்தை எடுத்தியள், எங்களை எங்கை விட்டியள் எண்ட கேள்வி. முந்தியெண்டால் உப்பிடி ஒரு கேள்வியை அச்சில போட ஆரையும் கெஞ்ச வேணும். போன் செய்த புண்ணியத்தில இது ஒண்டு. எங்களையும் ஒரு காலத்தில, "குருநகர்க் கூத்து, சத்தம் தான்" எண்டு சொன்ன ஆக்கள் இருந்தவை. அவையின்ர பேரப்பிள்ளையள் இண்டைக்குப் பல்கலைக்கழகத்தில அதைப் பற்றிக் கட்டுரை எழுதுகினம். எழுதட்டும், மத்தளச் சத்தம் அங்கை வரைக்கும் கேட்டிருக்கெல்லே.

ஒரு சின்னப் புத்தி, இதைப் பகிடியா எடுக்காதை. எந்த இடத்தில மீன் பட்டதெண்டு எந்தச் சம்மாட்டியாவது கத்திச் சொல்லுவானோ? நீ பள்ளிக்கூடச் சட்டையோட, ஒழுங்கைப் பேர் தெரியிற மாதிரி, "நாளைக்கு அஞ்சு மணிக்கு இஞ்சைதான் தனிய ஒத்திகை" எண்டு போடுறாய். ஆடி முடிச்சு வீட்டுக்கு வந்த பிறகு போடு. அந்தாளுக்கு, அதுதான் தெரியாத பேரில "ஹாய் டியர்" எண்டு எழுதினவனுக்கு, மறுமொழி போடாதை. கொம்மாவிட்டைக் காட்டு.

ஜெட்டியில ஆடாதை எண்டும் நான் சொல்லேல்லை. நல்ல இடம். பாலசரஸ்வதி எண்ட மனிசியைத் தெரியுமோ? 1976இல் சத்யஜித் ராய் அவவைப் பற்றிப் "பாலா" எண்டொரு படம் எடுத்தவர், அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. நீ நித்திரை கொண்ட ஒரு இரவு போனில தேடிப் பார்த்தன். கடற்கரையில நிண்டு "கிருஷ்ணா நீ பேகனே" ஆடுறா. பின்னால அலை. காத்து சீலையைப் பிடிச்சு இழுக்குது. நீயெண்டால் "கட் கட்" எண்டு சொல்லித் தலைமயிரைச் சரி பண்ணியிருப்பாய். மனிசி காத்தைக் கணக்கிலயே எடுக்கேல்லை. இல்லாத ஒரு பிள்ளையைக் கையாலயும் கண்ணாலயும் கூப்பிடுறா. அந்தப் பிள்ளை எந்தப் பக்கத்தால ஓடுதெண்டு எனக்குத் தெரிஞ்சது. வயசும் அம்பது தாண்டியிட்டுது, உடம்பும் கொஞ்சம் பெருத்திட்டுது. ராய் கமெராவைத் தள்ளி வைச்சுப்போட்டுப் பேசாமல் நிண்டிருக்கிறார். கமெராக்காரனுக்கும் பேசாமல் நிக்கத் தெரிய வேணும் பிள்ளை.

இனி என்ர கதைக்கு வாறன், அதுதானே முக்கியம்.

கூத்துக் கொப்பி எண்டு ஒண்டு இருந்தது. முழு ஏடும் அண்ணாவியாரிட்டை இருக்கும். எங்களுக்கு எங்கட பாட்டுத் துண்டை மட்டும் எழுதித் தருவார். மற்றவன்ர பாட்டைக் கேட்டால், "உனக்கேன் அது?" எண்டு கேப்பார். அவ்வளவு பூட்டு. பூட்டி வைச்சு என்ன கண்டது? 1993 கார்த்திகையில எங்கட யாகப்பர் கோயிலுக்குக் குண்டு விழுந்தது, சுத்தியிருந்த வீடுகளும் போச்சு. 1995 ஐப்பசியில எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட்டம். நான் எடுத்தது ஒரு பானை, அரிசி, ரெண்டு சீலை, தோளில என்ர கிழவி ஆச்சி. கொப்பி றங்குப்பெட்டிக்குள்ள கிடந்தது. திரும்பி வரேக்குள்ள பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை. அண்ணாவியார் போட்டார். ராசாவுக்கு ஆடினவர் வெளிநாட்டில, போன் எடுத்தால் என்னை ஆரெண்டு கேக்கிறார். மந்திரி போன வருசம் மோசம் போனார். அந்தக் கூத்தில மிச்சம் நிக்கிறது கட்டியகாரன் ஒருத்தன்தான்.

நான் ஒரு களவு செய்தனான். என்ர பாட்டு அஞ்சு நிமிசத்தில முடிஞ்சுபோம். பிறகு விடியுமட்டும் திரைக்குப் பின்னால நிண்டு, ராசாவின்ர பாட்டு, மந்திரியின்ர பாட்டு, அரசியின்ர புலம்பல் எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினனான். எண்டைக்காவது ராசாவுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கு இடம் கிடைக்குமெண்டு ஒரு நப்பாசை. மனிசனுக்கு 12 வருசம் தும்மல்கூட வரேல்லை. பாட்டு மட்டும் எனக்குள்ள தங்கிப்போச்சு.

நூலகம் எண்டு ஒண்டு இருக்கு, தெரியுமோ? கட்டிடமில்லை, இணையத்தில. 2005இல் தொடங்கினது. எங்கட ஆக்களின்ர பழைய புத்தகம், பத்திரிகை, கூத்துப் பனுவல் எல்லாம் பக்கம் பக்கமா ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கினம். ஒருத்தரும் காசு கேக்கிறதில்லை. குரலும் படமும் சேர்த்து வைக்க ஆவணகம் எண்டு இன்னொரு பகுதியும் வைச்சிருக்கினம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச புகையை இந்தக் கரையில நிண்டு பார்த்தவன் நான். அதுக்குப் பிறகு உப்பிடி ஒண்டை ஆக்கள் கட்டுகினம் எண்டு கேக்க எனக்கு நித்திரை வருகுது, நல்ல நித்திரை. 1965இல் மரியசேவியர் அடிகள் தொடங்கின திருமறைக் கலாமன்றம் கூத்தை மேடையில தூக்கி நிறுத்திச்சுது. அடிகளும் 2021இல் போட்டார். அவர் மேடையில செய்ததைத் தொடர ஆக்கள் இருக்கினம். என்னைப் போலத் திரைக்குப் பின்னால பாடமாக்கினதுகளைத் தேடி வர ஆரும் இல்லை. உன்னட்டைப் போன் இருக்கு.

அதால ஒரு உதவி செய். உந்த 28 செக்கன் கிடக்கட்டும், அழிக்க வேண்டாம். நாலாயிரம் பேர் பார்த்திட்டினம், கட்டியம் சொல்லியாச்சு. "ராசா எங்கை?" எண்டு ஒருத்தனாவது கேட்டால் காட்ட ஒண்டு வேணுமெல்லே? சனிக்கிழமை பின்னேரம் வா. நாலு மணிக்கு முதல் வராதை, நான் நித்திரை. கொப்பரையும் கூட்டிக்கொண்டு வா, தாளம் போட ஒரு ஆள் வேணும். தில்லானாவைக் குழப்பின மாதிரிக் குழப்ப மாட்டன் எண்டு கொம்மாவுக்கு முன்னால சத்தியம் பண்ணிப்போட்டு வரட்டும். போனைப் படுக்கையா வை, என்ர கால் தெரிய வேணும். கட்டியகாரன் வரவு, ராசா வரவு, மந்திரி தரு, அரசி புலம்பல், எல்லாம் சேர்த்துப் பாடி முடிய ரெண்டு மணித்தியாலம் எடுக்கும், இருமலுக்கு வேறயாக் கால் மணித்தியாலம். முழுச் சார்ச்சோட கொண்டு வா.